பார்க் சிட்டியை விட்டுக் கிளம்பும் சன்டான்ஸ்: சரியா, தவறா?

மலையோரம்

சன்டான்ஸ், பெரிய ஸ்டுடியோக்களைச் சாராத சுதந்திரப் படங்களுக்கான அமெரிக்கத் திரைப்பட விழா. 2026 ஜனவரி 22 முதல் பிப்ரவரி 1 வரையிலானதுதான் பார்க் சிட்டியில் அதன் கடைசி விழா. 2027-இலிருந்து கொலராடோ மாநிலத்து போல்டர் நகரம். அறிவிப்பு 2025 மார்ச் மாதமே வந்துவிட்டது, ஆனாலும் செப்டம்பர் 16 அன்று விழாவின் முகமாக இருந்த ஹாலிவுட் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் காலமான பிறகுதான் நிறையப் பேருக்கு இது உறைத்திருக்கிறது என்று நினைக்கிறேன், இங்கே வேறு இழைகளில் அங்கங்கே கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் தனி இழை.

நான் சால்ட் லேக் சிட்டி பக்கம் இருக்கிறேன், விழாவில் தன்னார்வலராக வாசலில் நின்றிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் போவது சரி. அந்தச் சின்ன ஊர்தான் இந்த விழாவை வளர்த்தது, இனி அந்த ஊரில் அது பிழைக்காது.

தெரியாதவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். யூட்டா மாநில மலைகளில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 8,400 பேர் போல வாழும் ஊர். வெள்ளிச் சுரங்கத்தால் பிறந்தது, 1898-இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்து மறுபடி கட்டப்பட்டது. சுரங்கம் படுத்த பிறகு பனிச்சறுக்குதான் பிழைப்பு. விழா தொடங்கியது இங்கே இல்லை, 1978-இல் சால்ட் லேக் சிட்டியில், வேறு பெயரில். பனிக்காலத்தில் ஒரு சறுக்கு ஊரில் வைத்தால் ஹாலிவுட்காரர்கள் தானாகவே வருவார்கள் என்று இயக்குநர் சிட்னி பொல்லாக் யோசனை சொன்னார், 1981 ஜனவரியில் மலையேறிவிட்டது. 1985-இல் ரெட்ஃபோர்டின் சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட் பொறுப்பை எடுத்துக்கொண்டது, 1991-இல் விழாவுக்கே அந்தப் பெயர் வந்தது.

இத்தனை படங்களைத் திரையிட ஊரில் அரங்கமே கிடையாது. மெயின் ஸ்ட்ரீட் மேட்டில் 1926-இல் கட்டிய எஜிப்ஷியன் தியேட்டர் இருக்கிறது, அதில் 300 பேர் கூட உட்கார முடியாது. மற்றதெல்லாம் ஒப்பேற்றியதுதான். பெரிய அரங்கமான எக்கிள்ஸ் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியோடு சேர்ந்தது. இன்னொன்று நூலகக் கட்டிடத்துக்குள். பல ஆண்டுகள் ஒரு யூத வழிபாட்டுக்கூடமும் ஒரு டென்னிஸ் கிளப்பும் தியேட்டராக மாறி நின்றன. இவற்றுக்கு இடையே இலவச பஸ். எல்லாரும் அந்த பஸ்ஸில்தான் போகவேண்டும், ஏனென்றால் காரை நிறுத்த இடம் கிடைக்காது.

ஒரு நாள் இரவுக் காட்சி முடிந்து அப்படி ஒரு பஸ்ஸில் ஏறினேன். ஓர் இளம்பெண், கையில் தன் படத்தின் விளம்பர அட்டைக்கட்டு, பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவருக்காக நீட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன், படம் வாங்கும் கம்பெனி ஒன்றின் ஆள். அவர் அந்த விளம்பர அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, இறங்கும்போதுதான் "நாளைக்கு எந்த அரங்கம், எத்தனை மணி?" என்று கேட்டார். பிரான்ஸின் கான்ஸ் விழாவில் அந்த ஆளைப் பார்க்கவே மூன்று பேரிடம் அனுமதி வாங்கவேண்டும். இங்கே குளிரும் பஸ்ஸும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன.

சரி, அந்தப் பெண் எங்கே தங்கியிருந்தார் தெரியுமா? மலைக்குக் கீழே, சால்ட் லேக்கில், தெரிந்தவர் வீட்டு சோபாவில். தன் படம் ஓடும் ஊரில் ஓர் இரவு தங்க அவரிடம் பணமில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

குறும்படக்காரன்

அண்ணா, அருமையான இழை. சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். சன்டான்ஸ் என்பதே ஒரு ஊர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரெட்ஃபோர்டின் மலை விடுதி என்று படித்திருக்கிறேனே, அதுவும் பார்க் சிட்டியும் ஒன்றா? விழா இடம் மாறினால் பட்டறைகளும் மாறுமா? என்னைப் போன்றவர்களுக்கு விழாவை விட அந்தப் பட்டறைதான் கனவு.

மலையோரம்

இரண்டும் வேறு வேறு தம்பி. சன்டான்ஸ் விடுதி புரோவோ பள்ளத்தாக்கில் இருக்கிறது, பார்க் சிட்டியிலிருந்து ஒரு மணி நேரம் போல கார் பயணம். அறுபதுகளின் கடைசியில் ரெட்ஃபோர்ட் அங்கே ஒரு சின்னச் சறுக்குத் தளத்தை வாங்கி, தான் நடித்த பாத்திரத்தின் பெயரை வைத்தார். 1981-இல் இன்ஸ்டிட்யூட் தொடங்கி, புதியவர்களைக் கூப்பிட்டு, அனுபவசாலிகளோடு உட்காரவைத்து, காட்சிகளை எடுத்துப் பார்க்கச்சொல்லும் பட்டறைகளை அங்கேதான் நடத்தினார். 2020-இல் அந்த விடுதியை விற்றும்விட்டார்.

பட்டறை எவ்வளவு முக்கியம் என்று கேட்டால், குவென்டின் டாரன்டினோ 1991-இல் 'ரிசர்வாயர் டாக்ஸ்' காட்சிகளோடு அந்தப் பட்டறைக்குப் போனவர், 1992 ஜனவரியில் படம் விழாவில் ஓடியது. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். பட்டறையும் யூட்டாவைத் தாண்டிப் போய்விட்டது, 2024-இல் இயக்குநர் பட்டறை கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் நடந்தது.

கயல்_யூட்டா

மலையோரம், நீங்கள் எழுதிய ஊர் வர்ணனை எல்லாம் சரி, முடிவுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் இங்கே ரொம்ப வருஷமாக இருக்கிறேன், பார்க் சிட்டியில் வேலை.

வாடகையை ஏற்றியது விழாவா? விழா பத்துப் பதினொரு நாள். மீதி வருஷம் முழுக்க அந்த ஊரில் வீடு வாங்குவது யார்? வேறு மாநிலத்திலிருந்து வருஷத்தில் இரண்டு வாரம் சறுக்க வருகிறவர்கள். பாதி வீடுகளில் விளக்கு எரிவதே இல்லை. ஹோட்டலில் படுக்கை விரிக்கிறவர்கள், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் ஹீபரிலிருந்தோ சால்ட் லேக்கிலிருந்தோ மலையேறி வருகிறார்கள். அந்த இளம் இயக்குநருக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்குத் தினமும் நேர்கிறது. இது பனிச்சறுக்கு ஊரின் நோய், விழாவைக் கிளப்பினால் குணமாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விழாவைத் தாங்கியவர்கள் ஊர்க்காரர்கள். எத்தனையோ பேர் வருஷா வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு, விழா கொடுக்கும் அந்த ஒரே நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இரவு ஒரு மணிக்குப் பனியில் வரிசையை ஒழுங்கு செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசத் திரையிடல் இருந்தது. விழா முடிந்த பிறகு பரிசு பெற்ற படங்களை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் இலவசமாகப் போடுவார்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் தன் பள்ளியோடு போய் ஓர் ஆவணப்படம் பார்த்துவிட்டு வந்து, இயக்குநரிடம் மைக்கில் கேள்வி கேட்டேன் என்று சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

2024 விழாவால் மட்டும் யூட்டாவுக்கு 13 கோடி டாலர் அளவுக்குப் பொருளாதாரப் பயன் என்று விழாவின் அறிக்கையே சொன்னது. அப்படிப்பட்டதை, பத்து வருஷத்துக்கு 3.4 கோடி டாலர் வரிச்சலுகை என்று பக்கத்து மாநிலம் நீட்டியதும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதைப் பணம் என்று சொல்லுங்கள், கலைஞர்கள் மேல் அக்கறை என்று சொல்லாதீர்கள்.

மலையோரம்

கயல் அக்கா, வாடகைக்கு விழா காரணம் இல்லை என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. காரணம் யாராக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். 7,000 டாலரில் எடுத்த 'எல் மரியாச்சி'யோடு 1993-இல் வந்த ராபர்ட் ரோட்ரிகஸ், கடன் அட்டைகளைத் தேய்த்து 27,000 சொச்சத்தில், தான் வேலை பார்த்த கடைக்குள்ளேயே எடுத்த 'கிளர்க்ஸ்' படத்தோடு அடுத்த வருஷம் வந்த கெவின் ஸ்மித், இப்படிப்பட்ட ஆட்களுக்காகத்தான் இந்த விழா. அதே ஆட்கள் இன்று வந்தால் படத்துக்குச் செலவழித்ததில் பெரும்பங்கை அறை வாடகைக்கே கொடுக்கவேண்டும். படத்தில் வேலை பார்த்த குழுவைக் கூட்டிவருவது பற்றிப் பேசவே வேண்டாம். ஒலிப்பதிவாளரும் எடிட்டரும் வீட்டில் உட்கார்ந்து போனில் கைதட்டலைக் கேட்கிறார்கள்.

யூட்டாவே ஜெயித்திருந்தாலும் விழா பார்க் சிட்டியில் முழுசாக இருந்திருக்காது, அதையும் சொல்லவேண்டும். கடைசிச் சுற்றில் நின்றவை மூன்று: போல்டர், சின்சினாட்டி, அப்புறம் சால்ட் லேக்கும் பார்க் சிட்டியும் சேர்ந்த ஒரு திட்டம். அதில் பெரும்பகுதி சால்ட் லேக் சிட்டியில், கொஞ்சம்தான் மலைமேல். அதாவது நம் மாநிலமே பார்க் சிட்டி தாங்காது என்று ஒப்புக்கொண்டுதான் போட்டிக்குப் போனது.

போல்டர்வாசி

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ரொம்ப மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று சொன்னால் கயல் அக்கா திட்டுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். போல்டரில் ஒரு லட்சத்து எட்டாயிரம் பேர், ஏறத்தாழ 5,400 அடி உயரம், நடுவில் கொலராடோ பல்கலைக்கழகம். ரெட்ஃபோர்ட் ஐம்பதுகளில் இங்கே கொஞ்ச நாள் படித்தவர். பேர்ல் ஸ்ட்ரீட் என்று வாகனம் போகாத கடைத்தெரு இருக்கிறது, அதைச் சுற்றியே அரங்கங்கள். பல்கலைக்கழகம் இருப்பதால் பெரிய மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. டென்வர் விமான நிலையத்திலிருந்து பஸ் வருகிறது.

ஆனால் ஏமாற்றிவிடக்கூடாது. இங்கேயும் வாடகை மலிவு கிடையாது. படித்து முடித்து வேலையில் இருக்கும் நானே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில்தான் குடியிருக்கிறேன். ஒரே வித்தியாசம், பக்கத்தில் லூயிஸ்வில், லாங்மாண்ட், டென்வர் என்று விரிந்து தங்க வழி இருக்கிறது, சமவெளியில் இருப்பதால் பனிக்காலத்தில் மலைப்பாதை ஏறி இறங்கும் பயமில்லை.

யூட்டா சட்டமன்றம் 2025-இல் அரசுக் கட்டிடங்களிலும் பள்ளிகளிலும் பால்புதுமையினரின் வானவில் கொடியைப் பறக்கவிடக்கூடாது என்று சட்டம் போட்டதே, அது எவ்வளவு தூரம் காரணம்? இங்கே நிறையப் பேர் அதுதான் காரணம் என்கிறார்கள்.

மலையோரம்

இடம் தேடும் வேலை 2024-இலேயே தொடங்கிவிட்டது, சட்டம் வந்தது 2025-இல். அதனால் அதுவே தொடக்கக் காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் தன்பாலின ஈர்ப்புள்ள இயக்குநர்களின் முதல் படங்களை முப்பது நாற்பது வருஷமாகத் தூக்கிப் பிடித்த விழா இது. முடிவெடுக்கும் மேசையில் அந்தச் சட்டம் யார் மனசிலும் வராமலா இருந்திருக்கும்? வெட்கக்கேடான சட்டம், என் மாநிலம் என்பதற்காக நான் மழுப்பப் போவதில்லை.

டொரன்டோ_தவம்

வணக்கம் எல்லோருக்கும். எனக்கு சன்டான்ஸ் என்றால் முதலில் ஞாபகம் வருவது 2018. பாடகி எம்.ஐ.ஏ. பற்றிய ஆவணப்படம், 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.', அங்கேதான் முதலில் திரையிட்டார்கள். கலைக்கல்லூரியில் அவவோட படிச்ச சிநேகிதர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கியது. உலக ஆவணப்படப் பிரிவில் நடுவர் சிறப்புப் பரிசும் கிடைத்தது. பாட்டுக்காரியாக வருவதற்கு முந்தி, ஆவணப்படம் எடுக்கவேணும் என்று கேமராவோட திரிஞ்ச பிள்ளை அவ. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரரை, வீட்டை, கதையை எல்லாம் தானே எடுத்து வைத்திருந்தா. அந்தச் சுருள்கள்தான் படத்தின் உயிர்.

நான் அங்கே போகவில்லை, பிறகு இங்கே டொரன்டோவில்தான் பார்த்தேன். ஆனால் ஒன்று யோசித்தேன். எங்கட ஊர் விழா பெரியது, ஒரே நாளில் எத்தனையோ நட்சத்திரப் படம், நகரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு ஓடிப்போன ஒரு ஈழத்துத் தாயின் கதையை எட்டாயிரம் பேர் இருக்கிற ஒரு சறுக்கு ஊரில், வேறு எங்கேயும் போக வழியில்லாத ஒரு கூட்டம், பனிக்குள் வரிசையில் நின்று பார்த்திருக்கிறது. எங்கட கதை இவையளுக்கு விளங்குமோ என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு விளங்கியது. பெரிய நகரத்தில் அந்தக் கவனம் கிடைக்குமா என்பதுதான் என் கவலை. மலையோரம் தம்பி, காசு பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கவனம் என்பதும் ஒரு காசுதான், அது புதுசாக வருகிறவனுக்கு மிச்சமில்லாமல் தேவை.

நெல்லை_நிழல்

எல்லாரும் ஊரைப் பற்றி உருகுகிறீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள்.

2021-லும் 2022-லும் பெருந்தொற்றால் பார்க் சிட்டியில் ஒரு திரைகூட இல்லை, விழா பெரும்பாலும் இணையத்திலேயே நடந்தது. அந்த இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது பாருங்கள். 2021-இல் 'ரைட்டிங் வித் ஃபயர்', புந்தேல்கண்டில் தலித் பெண்கள் நடத்தும் பத்திரிகை பற்றிய நம் நாட்டுப் படம், பார்வையாளர் பரிசும் நடுவர் சிறப்புப் பரிசும் வாங்கியது. 2022-இல் ஷௌனக் சென்னின் 'ஆல் தட் பிரீத்ஸ்', டெல்லியில் அடிபட்டு விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களின் கதை, உலக ஆவணப்படப் பிரிவின் பெரும் நடுவர் பரிசையே வாங்கியது. இரண்டும் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போயின. அதே 2021-இல்தான் 'கோடா' படத்தை ஆப்பிள் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது, அதுவரை அந்த விழாவில் அத்தனை விலைக்கு எதுவும் போனதில்லை. அடுத்த வருஷம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் அதற்கே.

ஆக ஊரே இல்லாத வருஷத்தில்தான் நம் படங்கள் ஜெயித்தன, ஊரே இல்லாத வருஷத்தில்தான் விலை உச்சத்துக்குப் போனது. பிறகு பார்க் சிட்டியா போல்டரா என்பதில் என்ன இருக்கிறது? திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டும் ஒரே தூரம். என்னைக் கேட்டால் தேர்வுக்குழு, பட்டறை, நிதி உதவி இந்த மூன்றும் கெடாமல் இருந்தால் போதும்.

கயல்_யூட்டா

நெல்லை நிழல், நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய படங்கள் எல்லாம் முடிந்து, மெருகேறி, ஏற்கெனவே ஆள்பலத்தோடு வந்த படங்கள். யாரும் பெயர் கேள்விப்படாத ஆள் என்ன ஆனார் என்று பாருங்கள்.

1999-இல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்ற திகில் படத்தை எஜிப்ஷியன் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். தெரியாத நடிகர்கள், கை ஆடும் கேமரா. அதை வீட்டில் மடிக்கணினியில் பார்த்திருந்தால் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். அந்தச் சின்ன அரங்கத்தில், வெளியே பனி கொட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் பயப்படுவதைப் பார்த்து நாமும் பயந்து பார்த்தால் அது வேறு படம். ஆர்ட்டிசான் கம்பெனி 11 லட்சம் டாலர் போல கொடுத்து வாங்கியது, உலகம் முழுக்க 24 கோடிக்கு மேல் வசூல்.

'விப்லாஷ்' இன்னும் நல்ல உதாரணம். டேமியன் ஷசெல்லிடம் முழுப் படம் எடுக்கக் காசு இல்லை. ஒரு காட்சியை மட்டும் குறும்படமாக எடுத்து 2013 விழாவில் காட்டினார், குறும்படப் பரிசு கிடைத்தது, அதை வைத்தே பணம் திரட்டி 2014-இல் முழுப் படத்தோடு திரும்பி வந்தார், அதுதான் விழாவின் தொடக்கப் படம், நடுவர் பரிசு, பார்வையாளர் பரிசு இரண்டும் அவருக்கே. குறும்படக்காரன் தம்பி, இது உங்களுக்காகவே எழுதுகிறேன்.

நெல்லை_நிழல்

அக்கா, சரி, நள்ளிரவுக் காட்சி விஷயத்தை ஏற்கிறேன். கூட்டத்தோடு பார்க்கவேண்டிய படம் என்று உண்டு. ஆனால் விழாவின் பிற்பாதியில் சில படங்களை இணையத்தில் காட்டும் ஏற்பாட்டை எந்த ஊருக்குப் போனாலும் விட்டுவிடக்கூடாது. அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அது இப்போது திறக்கிறது, நமக்குத் திறப்பதில்லை, அதுவே எனக்குப் பெரிய மனக்குறை.

2025-இல் ரோகன் கனவடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்ட', தந்தை இறந்த பிறகு பத்து நாள் துக்கத்துக்குக் கிராமம் போகும் ஒருவனும் அவன் பால்ய நண்பனும், அதுவே கதை. பெரிய நட்சத்திரம் இல்லை, பின்னணி இசையே கிடையாது. உலக சினிமா கதைப்படப் பிரிவில் பெரும் நடுவர் பரிசு. மராத்தியில் முடிகிறதென்றால் தமிழில் ஏன் முடியாது? நம் ஆட்கள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவுக்கு அனுப்புகிறார்கள், 'கூழாங்கல்' 2021-இல் அங்கே டைகர் விருதே வாங்கியது. சன்டான்ஸ் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

குறும்படக்காரன்

திரும்பிப் பார்க்கிறோம் அண்ணா, எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 2025 விழாவுக்கு வந்த விண்ணப்பம் மொத்தம் 15,775, அதில் முழுநீளப் படம் மட்டும் 4,138. தேர்வானது 90-க்கும் கீழே. கட்டணத்தைக் கட்டிவிட்டு யாராவது முழுசாகப் பார்ப்பார்களா என்ற சந்தேகத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். நிராகரித்த படங்களுக்கு என்று அங்கேயே இன்னொரு விழா இருந்ததாமே?

மலையோரம்

ஸ்லாம்டான்ஸ். 1995-இல் சன்டான்ஸ் ஒதுக்கிய இயக்குநர்கள் சிலர் சேர்ந்து அதே வாரத்தில் அதே ஊரில் தொடங்கியது. மெயின் ஸ்ட்ரீட்டின் மேல்முனையில் ஒரு விடுதியின் அறைகளில்தான் திரை. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' 1999-இல் அங்கே ஓடியது. ருசோ சகோதரர்களின் முதல் படம் 1997-இல் அங்கே ஓடியபோதுதான் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பார்த்து அவர்களைக் கைதூக்கிவிட்டார். அந்த சோடர்பெர்க்கே 1989-இல் சன்டான்ஸில் பார்வையாளர் பரிசு வாங்கி, அதே படத்துக்கு கான்ஸில் தங்கப்பனை என்ற உச்சப் பரிசையும் வாங்கியவர், சுதந்திரப் படத்திலும் வியாபாரம் உண்டு என்று ஹாலிவுட்டைத் திரும்பிப் பார்க்கவைத்த வருஷம் அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒதுக்கப்பட்டவர்களும் ஒதுக்கியவர்களும் ஒரே தெருவில், கல்யாண வீட்டுப் பந்தியில் முகம் பார்த்துக்கொள்ளும் பங்காளிகள் மாதிரி, தினமும் சந்தித்துக்கொள்ள முடிந்தது. அதுதான் அந்த ஊரின் பலம். ஸ்லாம்டான்ஸ் 2025-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஏழை விழா முதலில் வெளியேறிவிட்டது, பணக்கார விழா பின்னாலேயே போகிறது. கயல் அக்கா, ஊர்க்காரர்களின் உழைப்பு பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் இந்த வரிசையைப் பார்த்த பிறகும் அங்கேயே இருந்திருக்கலாம் என்று என்னால் சொல்லமுடியவில்லை.

போல்டரில் அவர்கள் செய்யவேண்டியது என்று நான் நினைப்பது இதுதான். அரங்கங்களை நகரம் முழுக்க இறைக்காமல் நடந்துபோகும் தூரத்தில் வைக்கட்டும். தேர்வான ஒவ்வொரு முதல் பட இயக்குநருக்கும் அவர் குழுவில் இன்னும் இரண்டு பேருக்கும் விழா நாட்கள் முழுக்க நகரத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கட்டும், பல்கலைக்கழக விடுதியாக இருந்தாலும் பரவாயில்லை. வரிச்சலுகையில் வரும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று எழுதி வைக்கட்டும். சலுகை கொடுக்கும் மாநில அரசு இதைக் கேட்டு வாங்கவேண்டும். இல்லையென்றால் கயல் அக்கா சொன்ன நோய் ஐந்தே வருஷத்தில் போல்டருக்கும் வந்துவிடும்.

போல்டர்வாசி

மாணவர் விடுதி யோசனை நடைமுறையில் கஷ்டம் அண்ணா, ஜனவரியில் பருவம் தொடங்கிவிடும், அறைகள் காலியாக இருக்காது. ஆனால் நகர மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வீட்டில் இயக்குநர்களைத் தங்கவைக்கும் ஏற்பாடு பற்றி நான் போய்க் கேட்கிறேன். என் கீழ்த்தளத்தில் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

டொரன்டோ_தவம்

அது நல்ல விசயம் தம்பி. எங்கட ஆட்கள் அங்கே கொஞ்சப் பேர் இருப்பார்கள்தானே, அவையளையும் கேளுங்கோ. தமிழ்ப் படம் ஒன்று தேர்வானால் வாற பிள்ளைக்குச் சோறும் கிடைக்கும்.

குறும்படக்காரன்

கயல் அக்கா, 'விப்லாஷ்' கதையை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். எங்களிடம் பதினான்கு நிமிடப் படம் ஒன்று முடியும் தறுவாயில் இருக்கிறது, குறும்படப் பிரிவுக்கு 2027-க்கே அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடைசியாக ஒன்று, விழா போன பிறகு அந்த எஜிப்ஷியன் தியேட்டர் என்ன ஆகும்? மூடிவிடுவார்களா?

கயல்_யூட்டா

மூடமாட்டார்கள் தம்பி, அது விழாவை நம்பி இருக்கும் இடம் இல்லை. வருஷம் முழுக்க நாடகம், கச்சேரி என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, விழாவுக்கு அந்த நாட்களில் வாடகைக்கு விட்டுவந்தார்கள். நூலகத்து அரங்கிலும் உள்ளூர் அமைப்பு ஒன்று வார இறுதிகளில் சுதந்திரப் படங்கள் போடுகிறது, பல வருஷமாக நடக்கிறது, விழாவோடு சம்பந்தமில்லாமல். நான் பெரும்பாலும் அங்கேதான் படம் பார்ப்பேன். இந்தக் கடைசி விழாவில் ரெட்ஃபோர்ட் நினைவாக 1969-இல் வந்த 'டவுன்ஹில் ரேசர்' போடுகிறார்கள், பழைய விழாப் படங்களில் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' இருக்கிறது. டிக்கெட் கிடைக்காவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் போன் வழியாகவே எண் வாங்கலாம், காட்சிக்கு முன்னால் வந்து நின்றால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். மலையோரம், நீங்கள் எந்த அரங்கத்து வாசலில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள், தேநீர் எடுத்துக்கொண்டு வருகிறேன்.